அழகம்மா பூச்செடிக்கு இடம் பார்த்தாள்

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் பக்கமாக ஏறும் பாதையில், பஸ் மூச்சு வாங்கித் திரும்பும் ஒரு வளைவுக்கு மேலே சாக்குமலைத் தோட்டம் இருக்கிறது. அந்தத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு அழகம்மா வேலைக்கு வந்தது எழுபத்தைந்தாம் ஆண்டில். கொழுந்தெடுக்கும் பெண்கள் காலையில் கைப்பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு மலைக்கு ஏறுவார்கள். மத்தியானம் ஓடிவந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஓடுவார்கள். பொழுது சாயும்போதுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வரிசையாய் ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குப் போவார்கள். இடைப்பட்ட நேரமெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாம் ஆயம்மாதான்.

அழகம்மா அந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. அவள் தோட்டத்தில் பேர்போன கொழுந்துக்காரி. ஒரு மழை நாளில் கூடையோடு வழுக்கித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்ததில் இடது கால் முறிந்தது. எலும்பு கூடியது, ஆனால் கால் குட்டையாகிப் போனது. இனி மலை ஏற ஏலாது என்றானதும் கணக்கப்பிள்ளை அவள் பெயரைப் பிள்ளைக்காம்பராவுக்கு மாற்றிவிட்டார். "ஒக்காந்து சாப்புடுற வேல கெடச்சிருச்சு" என்று சிலர் பொறாமைப்பட்டார்கள். அவளுக்கோ வீட்டுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழத்தான் தோன்றியது.

அதற்கு முந்தைய காலம் பஞ்சம். பங்கீட்டு மாவு வராத வாரங்களும், வந்தது போதாத வாரங்களும். சேம்பு இலையை அவித்துத் தின்றார்கள். சாக்குமலையில் அந்த நாட்களில் போன பிள்ளைகள் பலர். அழகம்மாவின் இளையவளும், நடை பழகுவதற்குள், வயிற்றோட்டத்தில் போய்விட்டாள். மூத்தவள் இலட்சுமி மட்டும் மிஞ்சினாள். தேயிலையைக் கவ்வாத்து வெட்டும் வேலை செய்த அவள் புருஷன் லெட்சுமணன் அதோடு முடிவு செய்துவிட்டான்: இந்த மண் வேண்டாம், இந்தியாவுக்குப் போய்விடுவது. பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். தோட்டத்தில் பாதிப்பேர் அப்படித்தான் காத்திருந்தார்கள்.

பிள்ளைக்காம்பரா வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். கல்லும் மண்ணும் வைத்து எழுப்பிய சுவர், தகரக் கூரை, மேற்குப் பக்கம் ஒரு கதவு, அதன் பக்கத்தில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். கஞ்சி காய்ச்சும் புகை குடித்துக் குடித்து உள்ளே எல்லாம் கறுத்துக் கிடந்தது. உத்தரத்திலிருந்து தொங்கும் சேலைத் தொட்டில்களில் பிள்ளைகள் கிடந்தார்கள்.

அழகம்மாவை உறுத்தியது அழுகிற பிள்ளைகள் இல்லை. அழாத ஒன்று இருந்தது. அடுத்த காம்பராவில் குடியிருந்த சுந்தரம்மாவின் கைப்பிள்ளை; பஞ்சத்தில் பிறந்தது. கஞ்சியை ஊட்டினால் விழுங்கும், விட்டால் கிடக்கும். கைதட்டினாலும் திரும்பாது. ஒரு வெள்ளிக்கிழமை அழகம்மா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஒரு செவ்வரத்தைப் பூவைத் தலையில் வைத்தபடி வேலைக்கு வந்தாள். தொட்டிலுக்கு மேலே குனிந்தபோது அந்தக் குழந்தை மெதுவாகக் கையை நீட்டியது. பூவைப் பிடித்து இழுத்தது. பிய்த்தது. வாயில் வைத்தது. அழகம்மா அசையாமல் குனிந்தபடியே நின்றாள். தலைமுடியோடு சேர்த்து இழுத்தது வலித்தது. அதுவும் அவளுக்கு நல்லதாகத்தான் இருந்தது.

அன்று மாலை சுந்தரம்மாவிடம் சொன்னாள்: "இந்த எடத்துல பூச்செடி வைக்கப் போறேன். புள்ளைங்க பாக்குற மாதிரி."

சுந்தரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "வக்கிறதுனா சுடுகாட்டுப் பக்கம் வையிங்களேன்கா. நம்ம புள்ளைங்க படுத்திருக்கிற எடம் வெறும் மண்ணாக் கெடக்குது."

அழகம்மா தொட்டில் சேலையை உதறி மடித்தாள். அவள் பிள்ளையும் அங்கேதானே கிடக்கிறது.  "அதுகளுக்கு இனிமே கண்ணு தேவயில்ல சுந்தரம். இதுகளுக்கு இருக்கு."

செய்தி லயமெல்லாம் பரவியது. சிரிப்பாய்ச் சிரித்தார்கள். கையகலம் மண் இருந்தாலும் மரவள்ளி ஊன்றிக்கொண்டிருந்த காலம் அது. அரசாங்கமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. பாஸ்போட்டை எதிர்பார்த்திருந்தவர்களோ, மூன்று மாதத்துக்கு மேல் நிற்கிற எதையும் நடுவதில்லை. கீரை, போஞ்சி, அவ்வளவுதான். லெட்சுமணன் இரவுச் சோறு சாப்பிடும்போது கேட்டான்: "போற ஆளுங்க நாம. பூ பூக்கிறப்ப நீ எங்க இருப்ப, நான் எங்க இருப்பேன்?"

"புள்ளைங்க இங்கதானே இருக்கும்" என்றாள் அவள்.

முதலில் அவள் பார்த்த இடம் பீலியின் ஓரம். பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் ஒரு பள்ளம். மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக அங்கே கொட்டும். சுற்றிலும் முருக்கமரங்களும் காட்டுச்செடிகளும் கவிந்து பகலிலும் இருட்டாக இருக்கும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது, நொண்டிக் காலோடு வாளி சுமக்க வேண்டாம் என்று கணக்குப் போட்டாள். கீழே சிங்களக் கிராமத்திலிருந்து மரக்கறி விற்க மேலே வரும் நோனாவிடம் சொல்லி வைத்தாள். நோனா தன் வேலியிலிருந்து செவ்வரத்தைக் கொப்புகளை வெட்டி ஒரு கட்டாகக் கொண்டுவந்தாள். "வத மல் எங்க வேணும்னாலும் வரும். சும்மா குத்தி வையி" என்று, செவ்வரத்தையைச் சிங்களப் பெயராலேயே குறிப்பிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

அழகம்மா குத்தி வைத்தாள். ஐப்பசி மழை பிடித்தது. பள்ளத்து மண் சேறாகி, சேறு சேறாகவே நின்றது. தையில் பிடுங்கிப் பார்த்தபோது அத்தனை கொப்பும் அடியில் அழுகிக் கறுத்திருந்தது. கோயில் பூசாரி இரக்கப்பட்டு, எதற்கும் சாகாத செடி என்று அரளிக் கொப்பு தருகிறேன் என்றார். அழகம்மா கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டாள். கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அரளி எப்படி வைப்பது?

அதன் பிறகு அவள் அவசரப்படவில்லை. இடம் தானாகத் தன்னைக் காட்டும் என்று காத்திருந்தாள். காட்டிக் கொடுத்தது பிள்ளைகளின் மூத்திரத் துணி.

ஆயம்மா வேலையில் பாதி அந்தத் துணிகளைத் துவைத்துக் காயப்போடுவதுதான். கட்டடத்தைச் சுற்றி எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே விரிப்பாள். இப்போது எங்கே விரித்தது எப்போது காய்கிறது என்று கவனிக்கத் தொடங்கினாள். முன்பக்கம் மேற்கு, அங்கே வெயில் மதியத்துக்குப் பிறகுதான் வரும், ஆடி மாதக் காற்று வந்தால் துணி தேயிலைக்குள் பறந்துபோகும், போதாததற்கு லயத்து ஆடுகள் வேறு. வடக்கே சவுக்கு மரங்களின் நிழல். தெற்கே, காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர்களின் நடைபாதை. கிழக்குச் சுவருக்குக் கீழே ஒரு சரிவு இருந்தது. அங்கே போட்ட துணிதான் காலையில் முதலில் காய்ந்தது. காற்றைக் கட்டடமே மறைத்தது. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் இறங்கிப் போனது. வெயில் காலம், சித்திரை மழை, ஆடிக் காற்று என்று எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, "இதுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தச் சரிவில் ஏன் ஒருவரும் மரவள்ளி ஊன்றவில்லை என்பதும் முதல் நாள் மண்வெட்டியைப் போட்டதும் தெரிந்துபோனது. முழுக்கக் கல். தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தில் இடிந்த ஏதோ கட்டடத்தின் கழிவை அங்கே கொட்டியிருந்தார்கள். அவள் லெட்சுமணனின் அலவாங்கைக் கடன் வாங்கினாள். பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் சரிவில் உட்கார்ந்தபடியே கல்லை நெம்புவாள். குட்டைக் காலை நீட்டி, மற்றக் காலால் கல்லை உருட்டுவாள். உருண்ட கற்களைக் கீழே வரிசையாக அணைத்து மண் ஓடாமல் தடுப்புக் கட்டினாள். தேயிலைக்குள் கிடந்த சருகையும், மாட்டுப் பட்டியிலிருந்து எருவையும், அடுப்புச் சாம்பலையும் கொண்டுவந்து குழிகளில் நிரப்பினாள். சிரித்தவர்கள் நாளாக ஆகச் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள். மலையிலிருந்து திரும்பும் பெண்கள் சிலர் கூடையில் ஒரு கை சருகைப் போட்டுக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போனார்கள். சுந்தரம்மாவும் கொட்டினாள்.

அடுத்த ஐப்பசியில் நட்டாள். நோனா மறுபடி கொப்பு கொண்டுவந்தாள். செவ்வரத்தையோடு இட்லிப்பூச் செடியும் இருந்தது. சித்திரை வருவதற்குள் எல்லாம் துளிர்த்துவிட்டன. முதல் பூ விரிந்த காலையில் அழகம்மா அதைப் பார்த்துவிட்டு ஓடிவந்து, கதவருகே நின்றபடி பிள்ளைகளைக் கூப்பிட வாயெடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கிழக்குச் சுவரில் ஜன்னலே இல்லை.

செடிக்கு எது நல்லது என்று தேடித் தேடி, பிள்ளைகளின் கண்ணுக்குப் படாத பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு, கட்டடத்தைச் சுற்றி நொண்டி நொண்டிப் போய்க் காட்டினாள். தினமும் அது நடக்கிற காரியமா?

மேசன் இருளாண்டியைக் கூட்டிவந்து சுவரைக் காட்டினாள். "அண்ணே, இதுல ஒரு ஜன்னல் வைக்கணும்."

இருளாண்டி சுவரை விரலால் தட்டினார். உதிர்ந்த மண்ணைப் பார்த்துச் சிரித்தார். "இது கல்ல மண்ணால ஒட்டவச்ச சொவரு. ஓட்ட போட்டா முழுசா கீழ வந்துரும். அதோட தொர உத்தரவு இல்லாம நான் கைய வச்சா என் வேல போயிரும் தாயி. செடியப் புடுங்கி முன்னுக்கு வச்சுக்க."

"முன்னுக்கு வச்சா செத்துரும். செடிக்கு எடம் அதுதான்ணே. ஜன்னலத்தான் மாத்தணும்."

அரசாங்கம் தோட்டத்தை எடுத்த பிறகு நிர்வாகத்துக்கு வந்த புதுத் துரை சிங்களவர், கெட்டவர் இல்லை. அவள் தட்டுத் தடுமாறிச் சிங்களத்தில் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். லயத்துக் கூரையெல்லாம் ஒழுகுகிறது, அதற்கே வழியில்லை, ஜன்னலுக்கு எங்கே போவது என்று கையை விரித்தார். அவள் அடுத்த மாதமும் போய்க் கேட்டாள். அதற்கடுத்த மாதமும். "ஜனேலய ஆயம்மா", அதாவது ஜன்னல் ஆயம்மா, என்று தோட்ட ஆபீசான கந்தோரில் அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்தது.

அந்த வருஷம், எழுபத்தேழு ஆவணியில், தேர்தல் முடிந்த கையோடு தமிழர்களைத் தாக்கும் கலவரம் வந்தது.

முன்பகல். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. அழகம்மா துணி விரிக்க வெளியே வந்தபோது தோட்டத்தின் கீழ்ப்பிரிவுப் பக்கம் புகை எழும்புவதைப் பார்த்தாள். குப்பைக்கு வைத்த நெருப்பின் புகை அப்படிக் கறுப்பாக இருக்காது. பாதையில் ஒருவன் ஓடிவந்தான். "லொறில வர்றாங்க! லயத்துக்கெல்லாம் நெருப்பு வைக்கிறாங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே மேலே ஓடினான். தாய்மார் எல்லாரும் எட்டாத மலையில். உள்ளே தொட்டில் நிறையப் பிள்ளைகள்.

எங்கே கொண்டுபோவது? மேலே ஏறினால் வெட்டவெளி. தேயிலை இடுப்பளவுதான், பாதையிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் அந்தக் கட்டடத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு முழ மண்ணும் அவளுக்கு மனப்பாடம். எங்கே வெயில் விழும், எங்கே விழாது, எங்கே நின்றால் எங்கிருந்து தெரியும் என்று மாதக்கணக்காகப் பார்த்ததைத் தவிர வேறு என்ன செய்தாள்? செடிக்கு ஆகாத அந்தப் பீலிப் பள்ளம் அவள் கண் முன்னால் வந்து நின்றது. இருட்டு. உள்ளே ஒரு கூட்டமே இருந்தாலும் வெளியே தெரியாது. பீலி கொட்டுகிற சத்தத்தில் பிள்ளை அழுதாலும் கேட்காது.

கைக்கொன்றாக இரண்டு பிள்ளைகளைத் தூக்கினாள். நடக்கத் தெரிந்தவைகளைச் சேலை முந்தானையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பள்ளத்தில் இறக்கிவிட்டு மறுபடி ஏறினாள். இங்கே விட்டுவந்ததும் பயம், அங்கே விட்டதும் பயம். குட்டைக் கால் சறுக்கியது. முழங்காலில் தோல் போனது. எத்தனை தடவை ஏறி இறங்கினாள் என்று பிற்பாடு கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. கடைசி நடையில் மலையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த சுந்தரம்மா எதிர்ப்பட்டாள். அவள் தன் பிள்ளையைத் தேடவில்லை. தொட்டிலில் எஞ்சியிருந்த இரண்டையும் அள்ளிக்கொண்டு அழகம்மாவின் பின்னால் ஓடினாள். அவள் பிள்ளை ஏற்கெனவே பள்ளத்தில் பத்திரமாக இருந்தது.

இருவரும் ஈரத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளை மடியிலும் தோளிலும் முதுகிலும் அணைத்துக்கொண்டார்கள். அழகம்மாவின் முந்தானை முடிச்சில் கொஞ்சம் கித்துள் கருப்பட்டி இருந்தது. துணியைக் கிழித்துக் கருப்பட்டியை உள்ளே வைத்துச் சுற்றி, சிணுங்கிய பிள்ளைகளின் வாயில் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். மேலே ஆட்கள் கத்தும் சத்தம் வந்தது. பிறகு தகரம் சூட்டில் வெடிக்கிற சத்தம். சுந்தரம்மா கண்ணை மூடிக்கொண்டு மாரியம்மனைக் கூப்பிட்டாள். அழகம்மா மூடவில்லை. இலைகளின் இடைவெளியில் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய லொறிகள் போய்விட்டன. காட்டுக்குள்ளிருந்தும் தேயிலைக்குள்ளிருந்தும் தாய்மார் ஒவ்வொருவராக வந்தார்கள். எரிகிற பிள்ளைக்காம்பராவைப் பார்த்ததும் சிலர் அங்கேயே மண்ணில் விழுந்து புரண்டார்கள். பள்ளத்துக்குள்ளிருந்து அழகம்மா குரல் கொடுத்தாள்: "இங்க இருக்குதுங்க! எல்லாம் இங்க இருக்குதுங்க!" ஒரு பிள்ளையும் குறையவில்லை.

சில வாரங்கள் மாத்தளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதிகளாக இருந்தார்கள். அங்கிருந்தே பல குடும்பங்கள் தமிழ்ப் பிரதேசமான வவுனியாப் பக்கம் லொறி ஏறின. லெட்சுமணனும் தன் அண்ணன் குடும்பத்தோடு போகத் துடித்தான். "எரிஞ்ச எடத்துக்கு எதுக்குடி திரும்பிப் போகணும்?" என்றான்.

"அந்தத் தாய்மாருங்க திரும்பிப் போறாங்க. புள்ளைங்கள யாருகிட்ட விடுவாங்க?" என்று கேட்டாள் அழகம்மா. "நீங்க போறதுனா போங்க. நான் தடுக்கல."

அவன் போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தான்.

பிள்ளைக்காம்பராவின் கூரை இல்லை. கிழக்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்து பூச்செடிகள் மேலேயே விழுந்திருந்தது. அழகம்மா கல்லை ஒவ்வொன்றாக எடுத்து ஒதுக்கினாள். கீழே செடிகள் கருகி, முறிந்து, விறகுக் குச்சி மாதிரி நின்றன. கலவரம் தொடங்கியதிலிருந்து அழாத அவள், அங்கே உட்கார்ந்து அழுதாள். லெட்சுமணன் சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். பிறகு இடுப்பிலிருந்த கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து குந்தினான். ஒரு செவ்வரத்தையின் அடியில் கத்தி நுனியால் பட்டையைச் சுரண்டினான். உள்ளே பச்சை.

"உசுரு இருக்கு" என்றான். அடுத்ததைச் சுரண்டினான். "இதுலயும் இருக்கு."

கணுக்கால் உயரம் விட்டு மிச்சத்தை எல்லாம் வெட்டத் தொடங்கினான். "ஐயோ, அம்புட்டையும் வெட்டுறீங்களே!" என்று அவள் பதறினாள்.

"தேயிலைய எப்புடி வெட்டுறோம்? பாவம் பாத்து வெட்டினா தழைக்காது புள்ள. விடு, எனக்குத் தெரியும்." பெரிய செடி சின்னச் செடி என்று பார்க்காமல் ஒரே சீராக வெட்டிக்கொண்டே போனான். வெட்டுவாய் ஒவ்வொன்றிலும் மழைத் தண்ணீர் தங்காதபடி சாய்த்து விட்டிருந்தான். அவன் வேலையில் இருக்கும் அந்த அழகை அவள் மலையில் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள். பக்கத்தில் இருந்து பார்த்தது அன்றுதான்.

சில மாதம் கழித்துக் கட்டடத்தைத் திருத்த உத்தரவு வந்தது. இருளாண்டி கிழக்குச் சுவருக்கு நூல் பிடித்தார். சுவரில் நடுவே ஓர் இடத்தில் கல் வைக்கப் போனபோது அழகம்மா வந்து அங்கே உட்கார்ந்துகொண்டாள். குட்டைக் காலை அந்த இடைவெளிக்குக் குறுக்கே நீட்டினாள்.

"எந்திரி தாயி, தொர வர்றாரு."

"வரட்டும்ணே."

துரை வந்தார். அவள் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் கூப்பினாள். "சொவர ஒடச்சா கட்டடம் விழுந்துரும்னு மேசன் அண்ணே சொன்னாரு. இப்ப விழுந்துருச்சு. நான் ஒடைக்கல. விழுந்தத எழுப்புறப்பவாவது ஒரு ஓட்டைய விட்டு எழுப்புங்க ஐயா. கல்லும் மிச்சம்."

துரை சரிவைப் பார்த்தார். வெட்டிய அடிக்கட்டைகளில் கொத்துக் கொத்தாகத் தளிர் வந்திருந்தது.  கலவரத்து அன்று அவரும் பங்களாவில் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தவர்தான். "ஜனேலய தியன்ன" என்று மேசனிடம் சொல்லிவிட்டு நடந்தார். ஜன்னலை வை. பிறகு திரும்பி, நிலையும் கதவும் தோட்டம் தராது என்றார்.

நிலைக்கு இருளாண்டியே வழி கண்டார். எரிந்த லயத்திலிருந்து ஒரு ஜன்னல் நிலையைத் தேடியெடுத்து, கருகிய பக்கம் சுவருக்குள் போகும்படி வைத்துக் கட்டினார். வழக்கமான உயரத்தில் வைக்கப் போனவரை அழகம்மா விடவில்லை. ஒரு பிள்ளையைத் தரையில் உட்காரவைத்து, "இது கண்ணு மட்டத்துக்கு வரணும்" என்றாள்.

"இம்புட்டுக் கீழ வச்சா திருடன் ஏறுவான் தாயி."

"ஏறி எதத் திருடுவான்? மூத்திரத் துணியவா?"

மேசன் வாய்விட்டுச் சிரித்தார். அந்தத் தோட்டத்தில் கலவரத்துக்குப் பிறகு ஒருவர் அப்படிச் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை என்று சுந்தரம்மா சொல்லுவாள்.

மரக்கறிக்கார நோனா கலவரத்துக்குப் பிறகு மேலே வரவே இல்லை. ஒருநாள் அழகம்மா சரிவில் களை பிடுங்கிக்கொண்டிருந்தபோது, நோனா வளைவில் வெறுங்கூடையோடு நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தாள். வரவும் இல்லை, போகவும் இல்லை. அழகம்மா மண் கையை உதறி அவளைக் கூப்பிட்டாள். நோனா கிட்ட வந்ததும் கண் கலங்கினாள். "எங்க ஆளுங்க இல்ல அழகம்மா, வெளிய இருந்து வந்தவங்க. ஆனா எங்க ஆளுங்களும் சும்மா பாத்துக்கிட்டு இருந்தாங்க. ஒனக்கு மொகம் காட்ட ஏலாம இருந்திச்சு." கூடைக்குள் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு நந்தியாவட்டைக் கன்று இருந்தது. வேரோடு தோண்டியெடுத்தது.

"வெறும் வாசமில்லாத சாமான்தான்" என்றாள் நோனா.

"வெள்ளப் பூ நல்லது. மங்கலான நேரத்துலயும் புள்ளைங்களுக்குத் தெரியும்" என்று சொல்லி அழகம்மா வாங்கிக்கொண்டாள். இருவரும் சேர்ந்தே குழி தோண்டினார்கள்.

ஜன்னல் வந்த வருஷம் செடிகள் முன்பைவிட அடர்த்தியாகப் பூத்தன. காலை வெயில் பூக்களைத் தாண்டி உள்ளே விழுந்தது. தவழ்கிற பிள்ளைகள் எல்லாம் அந்த ஜன்னலடியில்தான் போய்க் கூடும். சின்னத் தேன்குருவி ஒன்று செவ்வரத்தையில் தலைகீழாகத் தொங்கினால் உள்ளே ஒரே கூச்சல். மத்தியானம் பால் கொடுக்க வரும் தாய்மாரும், அவசரத்திலும், அந்தப் பக்கமாகத்தான் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

எழுபத்தொன்பதில் லெட்சுமணனின் பாஸ்போட் வந்தது. அவன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கவ்வாத்து முடியட்டும், போவோம்" என்றான். கவ்வாத்து முடிந்தது. "மழ விடட்டும்" என்றான். மழை விட்டது. தான் வெட்டிய செடிகளில் எது எப்படித் தழைத்திருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பது அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. அழகம்மா அவசரப்படுத்தவும் இல்லை, தடுக்கவும் இல்லை. எண்பத்து மூன்றிலும் ஓடி ஒளிய வேண்டிவந்தது. அந்தத் தடவை கட்டடம் கருகாமல் தப்பியது. மறுவருஷம் தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குப் போகும் கப்பல் நின்றுபோனது. அதன் பிறகு போகிற பேச்சை அவன் எடுக்கவில்லை. எந்த நாட்டுக்காரர் என்று சொல்ல முடியாத நிலையிலேயே இருபது வருஷம் போல வாழ்ந்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தபோது இருவருக்கும் தலை நரைத்திருந்தது.

அதற்குள் சாக்குமலையின் எல்லா லயத்து வாசலிலும் அழகம்மாவின் செவ்வரத்தை இருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆயம்மாக்கள் கொப்பு கேட்டு வருவார்கள். கொப்பை உடனே கொடுக்கமாட்டாள். "எந்தப் பக்கம் வைக்கப் போறீங்க?" என்று கேட்பாள். பதில் சரியில்லை என்றால் நொண்டிக் காலோடு தானே புறப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். சிங்கள இளைஞர் கிளர்ச்சியில் பஸ் ஓடாத, பாதையோரத்தில் பிணம் கிடந்த எண்பத்தொன்பதாம் ஆண்டிலும் தேயிலைக்குள்ளால் குறுக்குவழி பிடித்துப் போனாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "பூச்செடிக்காகவா உசுரப் பணயம் வக்கிற?" என்று லெட்சுமணன் கோபித்தான். "புள்ளைங்களுக்கு" என்றாள்.

அவள் ஓய்வு பெற்றதும் மகள் இலட்சுமி அந்த இடத்துக்கு வந்தாள். சில வருஷம் கழித்து, வீட்டுத் திட்டம் ஒன்றில் அழகம்மாவுக்கும் லெட்சுமணனுக்கும் ஏழு பேர்ச் நிலமும் இரண்டு அறை வீடும் கிடைத்தன. பிறந்ததிலிருந்து தோட்டத்து மண்ணில் இருந்தவர்களுக்குச் சொந்தமென்று கிடைத்த முதல் மண். பக்கத்து வீட்டார் குடிபுகுந்த வாரமே வாழையும் ரோசாவும் நட்டுவிட்டார்கள்.

அழகம்மா எதையும் நடவில்லை. காலையில் ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மூலையில் போட்டு உட்காருவாள். மதியம் இன்னொரு மூலை. மழை பெய்தால் கதவைத் திறந்து வைத்து, தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று பார்ப்பாள். லெட்சுமணன் கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்துவிட்டுச் சலித்துப்போனான்.

"நமக்கு வயசு எழுவதாகுது. எப்பதான் நடப்போற?"

அவள் தேநீரை ஊதிக் குடித்தாள். "இன்னும் ஆடிக்காத்து இந்தப் பக்கம் எப்புடி வீசும்னு பாக்கல" என்றாள்.